உபவாசக்காரர்களின் ரத்தம்

எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன்னால் பின்சி ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து முடித்தாள். அதற்கும் முன்பே, ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் நின்று, மகன் ஜித்தினின் பைக்கைப் பூட்டும் இரும்புச் சங்கிலியைச் சுரிதாருக்குள் இடுப்பில் இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தாள். முள் நாற்பத்தாறைத் தொட்டது. ரத்தம் கொடுக்க நாற்பத்தைந்து இருந்தால் போதும். அவள் ஜெயித்த முகத்தோடு இறங்கினாள். இறங்கும்போது சங்கிலி கிலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ரத்த வங்கி சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் போகும்படி கையைக் காட்டினாள். சங்கிலி இல்லாமல் ஏறியபோது முள் நாற்பத்துமூன்றைத் தாண்டவில்லை. அதிலும் ஒரு கிலோ தண்ணீர்.

"எடுக்கான் பற்றில்ல சேச்சி," என்று மலையாளத்தில் கையை விரித்தாள் சிஸ்டர்.

"எனக்க அப்பாவுக்காக்கும் சிஸ்டர். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பு. கொஞ்சமாட்டு எடுத்தாலும் போரும்."

சிஸ்டருக்கு மனம் இரங்கியது. விரலில் குத்தி, நீலத் திரவம் நிறைந்த குப்பிக்குள் ஒரு துளியை விட்டாள். சத்துள்ள ரத்தமானால் துளி நேரே அடிக்குப் போக வேண்டும். பின்சியின் துளி பாதி தூரம் போனது, யோசித்தது, திரும்பி மேலே வந்துவிட்டது.

"கண்டோ?" என்றாள் சிஸ்டர். "கீரை தின்னணும். ஈத்தப்பழம் தின்னணும்."

பின்சியின் அப்பா எலியா முந்தின நாள் மதியம் ரத்த வாந்தி எடுத்தார். வயிற்றுக்குள் ஒரு புண் வெடித்திருக்கிறது, மூன்று பாக்கெட் ரத்தம் ஏற்ற வேண்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவருடைய குரூப் ரத்தம் வங்கியில் இருந்தது. எடுத்த அளவுக்கு ஆள் வந்து கொடுத்து நிரப்ப வேண்டும், எந்த குரூப்பானாலும் சரி. ஆகவே பின்சியின் ரத்தத்தை யாரும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

எலியா அரசு பஸ் ஓட்டியவர். யாருக்கோ ரத்தம் வேண்டும் என்று தகவல் வந்தால் போதும், இலையில் சோறு கிடந்தாலும் எழுந்து போய்விடுவார். பின்சியின் கல்யாணத்தன்று பந்தி நடக்கும்போதே காணாமல் போனார். சாயங்காலம் முழங்கையில் பஞ்சோடு திரும்பி வந்து, அங்கே கொடுத்த மாம்பழ ஜூஸை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். குடும்பப் படத்தில் அவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பந்தல்கால் நிற்கிறது. அந்தக் கோபம் பின்சிக்கு வெகுகாலம் இருந்தது.

ஆனாலும் வீட்டில் அப்பாவின் குரூப் அவளுக்கு மட்டும்தான். "நீ எனக்க குரூப்பாக்கும் மக்கா" என்று சின்ன வயதில் அவர் சொன்னதை, சொத்து எழுதிக் கொடுத்தது மாதிரி அவள் நம்பினாள். தனுவச்சபுரத்துக் கல்லூரியில் படித்தபோது ரத்ததான முகாமில் முதல் ஆளாகப் போய் நின்றாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜித்தின் பிறந்து வளர்ந்தபிறகும் போய்ப் பார்த்தாள். அப்போதும் மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. தின்பதெல்லாம் இவளுக்கு எங்கே போகிறது என்று மாமியார் ஊரெல்லாம் விசாரித்தார். அப்பாவுக்கு ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டால் போதும் என்று நேற்றிலிருந்து அவள் மனம் அடித்துக்கொண்டிருந்தது. இனி அதுவும் இல்லை. சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றபோது அவளுக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் சபைக்காரர்களின் வேன் வந்து நின்றது. சபைச் செயலாளர் ராஜையா முதலில் இறங்கினார். பின்னால் பின்சியின் தம்பி ஷிஜு, ஜித்தின், வாலிபர் சங்கத்துப் பையன்கள் மூன்று பேர், கடைசியாகப் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ஜெயச்சந்திரன்.

"கவலப்படாத பிள்ளே. ஏழு பேரு வந்திருக்கோம்," என்றார் ராஜையா. "மூணு என்ன, ஏழு பாக்கெட்டு தருவோம்."

ஏழு பேரும் சிஸ்டரின் முன்னால் வரிசையாக நின்றார்கள். அவள் முதல் கேள்வியே, "வல்லதும் கழிச்சோ?" என்பதுதான். ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும்.

ராஜையா தொண்டையைக் கனைத்தார். "இல்ல சிஸ்டர். எலியா அண்ணனுக்கு சுகம் கிடைக்க வேண்டி சபையில உபவாச ஜெபம். நேத்து ராத்திரிலேருந்து ஒருத்தரும் பச்சத்தண்ணி தொடல்ல."

"நிங்களுமோ?" சிஸ்டர் ஜெயச்சந்திரனின் நெற்றியில் இருந்த சந்தனத்தைப் பார்த்தாள்.

"அடுத்த வீடெல்லாம் பட்டினி கிடக்கும்போ, நமக்கு மட்டும் எப்பிடி எறங்கும்?" என்றார் ஜெயச்சந்திரன்.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சிஸ்டர் எல்லோரையும் வெளியே அனுப்பினாள். வராந்தாவில் பெரிய தர்க்கம் நடந்தது. தின்னலாம் என்றான் ஷிஜு. கூடவே கூடாது என்றார் ராஜையா.

"கர்த்தருக்கு முன்ன எடுத்த தீர்மானமாக்கும். பாதியில நிறுத்தினா, ரத்தம் கேறும், ஆனா பலிக்காது. போதகர் அனுமதி தரணும்."

போதகருக்குப் போன் போட்டார்கள். போன் அணைந்திருந்தது. உபவாச ஜெபத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது போதகரே போட்ட விதி. ஆள் அனுப்பிக் கேட்கலாம் என்றார் ராஜையா. சபை இருக்கிற பாறசாலைக்குப் போய்த் திரும்புவதற்குள் ரத்த வங்கியில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள் என்றான் ஒருவன். பின்சிக்குப் பொறுக்கவில்லை. எலியாவிடமே போய்ச் சொன்னாள்.

எலியா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருடைய வயிறு லேசாகக் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ராஜையாவ விளி."

ராஜையா வந்து கட்டிலின் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"எலே ராஜையா, பயலுவள கூட்டிட்டுப் போய் புரோட்டாவும் பீஃபும் வாங்கிக் குடு. கர்த்தர்ட்ட நான் செல்லிக்கிடுதேன். அங்கோட்டுத்தான போறேன்."

இதற்கு மேல் ராஜையாவுக்கு மேல்முறையீடு இல்லை. எல்லோரும் எதிர்க் கடைக்குப் போனார்கள். ஜெயச்சந்திரன் மட்டும் பீஃபுக்குப் பதில் கடலைக்கறி. அறை காலியானதும் பின்சி தன் தோல்வியை அப்பாவிடம் சொன்னாள். சங்கிலியையும் மறைக்கவில்லை.

"உனக்கே காணாது, பின்ன எனக்கு எங்கேருந்து தருவ?" என்றார் எலியா.

"நீங்க மட்டும் ஊருக்கெல்லாம் குடுத்தியளே அப்பா."

"அதில ஒண்ணும் இல்ல மக்கா. குடுத்தா ஒரு நாள் லீவு உண்டு. ஒரு ஜூஸும் உண்டு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உனக்க கல்யாணத்தன்னிக்கு குடுக்கப் போனதுதான் நட்டம். ஏற்கெனவே லீவுல இருந்தேன்."

இத்தனை வருடக் கோபத்துக்கு இப்படி ஒரு பதில் கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. சிரிப்பு வந்தது. ஆனாலும் கொடுக்க முடியாமல் போனது போனதுதான்.

தின்று முடித்து வந்தவர்களைச் சிஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டாள். திரை மெல்லிய திரை. வெளியே பெஞ்சில் இருந்த பின்சிக்கு எல்லாம் கேட்டது. முதலில் போனவன் ஷிஜு.

"இன்னலே ராத்திரி வல்லதும் குடிச்சோ?"

"ரெண்டு பெக்கு. அப்பாக்க கவலயில."

"உபவாசத்திலயா லே?" என்று வெளியிலிருந்தே கேட்டார் ராஜையா.

"உபவாசம்ன்னா சாப்பாடுதான மாமா. குடிக்கதப் பத்தி போதகர் ஒண்ணும் செல்லல்லையே."

குடித்தவனிடம் எடுப்பதில்லை என்று ஷிஜுவைச் சிஸ்டர் வெளியே அனுப்பினாள். அடுத்துப் போன ஜித்தின் சட்டைக் கையை மடக்கவே மாட்டேன் என்று நின்றான். சிஸ்டர் மடக்கினாள். மேல்கையில் புதுப் பச்சை, 'ஜிஜா' என்று, பக்கத்தில் ஒரு இதயத்தோடு. பச்சை குத்தி ஒரு வருடம் ஆகாமல் ரத்தம் எடுக்க மாட்டார்கள். அவன் வெளியே வந்தபோது பின்சி எழுந்து நின்றிருந்தாள்.

"ஜிஜா ஆரு?"

"கூடப் படிக்க பிள்ள அம்மா."

"கூடப் படிக்க பிள்ளைகளுக்க பேரெல்லாம் எழுதினா, ரெண்டு கையும் காணாதே மக்கா."

ராஜையாவின் முறை வந்தது. அவர் நிமிர்ந்த நெஞ்சோடு உள்ளே போனார். மருந்து ஏதாவது உண்டா என்று சிஸ்டர் கேட்டாள். சர்க்கரைக்கு இன்சுலின் உண்டு, காலையிலும் போட்டேன் என்றார். இன்சுலின் போடுகிறவர்களிடம் எடுப்பதில்லை என்றாள் அவள். பிறகு, அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. தின்னாமல் இன்சுலின் போட்டால் ஆள் தலைசுற்றி விழுந்திருக்க வேண்டுமே, எப்படி நடந்து வந்தீர்கள்?

திரைக்குப் பின்னால் ராஜையாவின் குரல் மெலிந்தது. "நாலு இட்லி. மருந்துக்க கூட தின்னதாக்கும். அது சாப்பாட்டுல வராது."

வெளியே பெஞ்சில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ராஜையா வந்து ஓரமாக உட்கார்ந்தார். யாரும் கேலி செய்யாததுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கடைசியில் ஜெயச்சந்திரனும் வாலிபர் சங்கத்து மூன்று பேரும் தேறினார்கள். முழங்கையில் பஞ்சும் ஒட்டுமாக வெளியே வந்தவர்கள் பட்டம் வாங்கினவர்கள் மாதிரி நடந்தார்கள்.

எலியாவுக்கு முதல் பாக்கெட் ஏறி முடிந்து, சாயங்காலம் இரண்டாவது ஏறிக்கொண்டிருந்தது. பின்சி பக்கத்தில் இருந்தாள்.

"இது ஆருக்க ரத்தம்?" என்று கேட்டார்.

"தெரியாது அப்பா. ஏதோ ஒரு ஆளு."

"நல்ல சேட்டக்காரனாட்டு இருப்பான். உள்ள கெடந்து ஓடுதான்."

அதைச் சொல்லிவிட்டுத் தூங்கினார். அவள் டீ குடித்த டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவருடைய வாய் லேசாகத் திறந்திருந்தது. பாக்கெட்டில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. வார்டு சிஸ்டர் வந்து பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, பிறகு குழாயின் திருகை மூடினாள். பின்சி உரக்க அழுதாள். மூன்றாவது பாக்கெட்டை யாரும் வாங்கப் போகவில்லை.

மறுநாள் காலையில் அடக்கம். எலியாவின் வீட்டிலிருந்து ரோடு வரைக்கும் ஒடுங்கிய இடைவழி, இரண்டு பக்கமும் மதில். வண்டி உள்ளே வராது. நான்கு பேர் பெட்டியைத் தோளில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எப்போதும் வாலிபர் சங்கத்துக்காரர்கள்தான் தூக்குவார்கள். போதகர் ஜெபம் முடித்து, தூக்கலாம் என்று தலையசைத்தார். சங்கத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒரு நாளைக்கு கனம் தூக்கப்பிடாதுன்னு சிஸ்டர் செல்லியிருக்கு," என்றான் ஒருவன். "இன்னும் நேரம் ஆவல்ல."

"எனக்கும் அதுதான்," என்றார் ஜெயச்சந்திரன். பஞ்சு எப்போதோ விழுந்துவிட்டது. ஆனாலும் கையை மடக்கியே வைத்திருந்தார்.

முற்றத்தில் மிச்சமிருந்தவர்கள் நாற்காலியிலிருந்து எழவே இன்னொருவர் கை தேவைப்படுகிறவர்கள். ராஜையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியின் தலைமாட்டுக்கு வந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. ஷிஜு எதிர்ப்பக்கம் வந்தான். ஜித்தின் கால்மாட்டில் ஒரு மூலையைப் பிடித்தான். பின்சியின் கணவன் கல்ஃபிலிருந்து வந்து சேரவில்லை; நாலாவது மூலைக்கு ஆள் இல்லை.

பின்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியபடி வந்து நின்றாள்.

ராஜையா தயங்கினார். "நம்ம சபையில பொம்பளைக தூக்கினது இல்ல பிள்ளே. நீ தாங்கவும் மாட்ட."

முந்தின நாளிலிருந்து பெட்டியருகிலேயே உட்கார்ந்திருந்த பின்சியின் அம்மா சுகிர்தபாய், மகளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு ராஜையாவைப் பார்த்தாள்.

"அவ தூக்கட்டு," என்றாள்.

போதகர் வேதப்புத்தகத்தில் ஏதோ தேடினார். நாலு பேரும் குனிந்து தூக்கினார்கள். பின்சி மற்றவர்களின் தோள் உயரம்கூட இல்லை. பெட்டி அவள் மூலையில் சரிந்தது, முழுப் பாரமும் அவளை நோக்கி இறங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மாத்தணுமா அம்மா?" என்று கேட்டான் ஜித்தின்.

"வேண்டாம்."

முதலில் ஜித்தின் முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்தினான். அதைப் பார்த்து ஷிஜு தாழ்ந்தான். ராஜையாவுக்கு மூட்டுவலி உண்டு, அவரும் முனகிக்கொண்டே தாழ்ந்தார். பெட்டி நேரானது. மூன்று ஆண்களும் பாதி குந்தினபடி, ஒருத்தியின் உயரத்துக்கு, இடைவழியில் நடந்து போனார்கள்.