தாமரைச்செல்வியின் அரியர்

பல்கலைக்கழகத்தில் புவியியல் துறையை மூடிய மறுவாரத்திலிருந்து, திருப்பரங்குன்றத்தில் விளாங்குடிக்குப் பஸ் ஏறியவர்கள் பேரையூரில் போய் இறங்கினார்கள். டிரைவர்கள் மேல் குற்றமில்லை. சாலையே அப்படித்தான் போனது. முதலில் திட்டித் தீர்த்த சனம், பிறகு வெள்ளனவே கிளம்பப் பழகிக்கொண்டது.

பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் அந்தப் பல்கலைக்கழகம் எழுந்தபோது அங்கே இல்லாத படிப்பே கிடையாது. காடுகரையில் கிடந்த பிள்ளைகள் வேதியியலும் வானியலும் படித்து வாத்தியார்களாகவும் குமாஸ்தாக்களாகவும் ஆனார்கள். அப்புறம் எல்லோரும் கம்ப்யூட்டருக்கே ஓட, சேர்க்கை இல்லாத துறைகளுக்கு நிர்வாகம் பூட்டுப் போட்டது. பறவைகளைப் பற்றிய பட்டயப் படிப்பு நின்ற அன்று மாலை, கண்மாயை விட்டு எழும்பிய கொக்குகள் திரும்பவில்லை. அதற்கும் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. அடுத்து உடலியங்கியல் துறை என்று செய்தி வந்தபோதுதான் ஊர் நடுங்கியது. மூச்சும் இதயத்துடிப்பும் அங்கேதான் பாடம்.

அரியர் வைத்திருக்கும் மாணவர் ஒருவராவது இருக்கும்வரை துறையை மூடக்கூடாது என்பது விதி. மிச்சமிருந்தவள் தாமரைச்செல்வி ஒருத்திதான். காய்ச்சலில் ஒரு தேர்வை விட்டவள், மற்றதிலெல்லாம் முதலாவது. பாஸானால் பள்ளிக்கூட வேலை காத்திருந்தது. துறைத்தலைவர் லூர்துராஜ் அவள் வீட்டுக்கே வந்து, "நீ மட்டும் பாசாயிராதம்மா" என்று கைகூப்பினார். வாத்தியார் வாயில் வரக்கூடாத சொல்.

"எம்புட்டு வருசத்துக்கு சார் தப்பாவே எழுத?" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவள் தோற்று வருகிறாள். தோற்பதும் லேசில்லை, விடைத்தாள் திருத்துபவர்கள் இளகிய மனசுக்காரர்கள். ஒருமுறை யாரோ இரக்கப்பட்டு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டார். முடிவு வந்த மத்தியானம் அவள் அம்மா ராக்கம்மாள் உலைமூடியைப் பிடித்தபடியே சரிந்தாள். விளாங்குடிவரை சனமெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கங்கே உட்கார்ந்தது. தாமரைச்செல்வி தட்டுத்தடுமாறி ஓடி, மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லி மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்த பிறகே நாடி திரும்பியது. அந்தப் பயம் இன்றுவரை யாருக்கும் தெளியவில்லை. தேர்வுக் காலம் வந்தால் அவள் தோற்கவேண்டுமென்று கோயிலில் விளக்கேற்றுகிறார்கள், சர்ச்சில் பூசை வைக்கிறார்கள்.

இப்போது அவளுக்குக் காதோரம் நரை. இந்த ஏப்ரலிலும் தேர்வுக்கூடத்து வேப்பமரத்தடிவரை ராக்கம்மாள் கூடவே வந்தாள். "பயமா இருக்குத்தா. மறந்தும் எதையும் சரியா எழுதிப்புடாத."

உள்ளே முதல் கேள்வி, மனித இதயத்தின் அமைப்பை விளக்குக என்று இருந்தது. தாமரைச்செல்விக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்த பதில். மனித இதயம் மூன்று அறைகள் கொண்டது என்று திருத்தமான கையெழுத்தில் எழுதி, படமும் வரைந்தாள். வெளியே மரத்தடியில் அம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.