கேரட் மேல் ஒரு கோடு

பள்ளிக்கூட மண்டபத்துக்குள் நுழையும்போதே அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடிக்காமல் என்ன செய்யும்? வந்திருக்கிற பெற்றோரில் பாதிக்கு மேல் கையைத் தூக்கினால் போதும், அவளுடைய சாயங்காலங்கள் அத்தனையும் அம்போ.

அவள் வேலை பார்ப்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பாக்கெட் போடும் தொழிற்சாலையில். மூன்று குழி வைத்த தட்டு ஒன்று வரும். ஒரு குழியில் காய்கறி சாதம், ஒன்றில் பாதி முட்டை, ஒன்றில் ஆப்பிள் துண்டுகள், ஓரத்தில் ஒரு சின்ன சாஸ் பொட்டலம். அவள் ஒரு பார்வை பார்ப்பாள். சரியாக இருந்தால் மேலே மூடி இறங்கி புஸ்ஸென்று ஒட்டிக்கொள்ளும், கோணல்மாணலாக இருந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். நிமிஷத்துக்கு நாற்பது தட்டு. கூட வேலை செய்கிறவர்கள் அவளை 'மூடி' என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

வேலை விடிகாலை ஐந்துக்கு ஆரம்பம். புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையோடு சேர்த்து இவள் மகளையும் பள்ளியில் கொண்டுபோய் விடுவாள். அதற்குமேல் 'சமைத்தும் கொடு' என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? மூன்று மணிக்கு எழுந்து சமைத்தும் பார்த்தாள். மதியத்துக்குள் சாதம் நொந்துபோனது, லைனில் நின்றபடியே இவளுக்குக் கண் சொருகியது. அதனால் மகளுக்கும் அந்த மூணுகுழிதான். ஆனால் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். மூன்றரைக்கு மகள் வாசலுக்கு ஓடி வரும்போது அம்மா அங்கே நிற்பாள். பள்ளியில் பாக்கெட்டைத் தடை செய்துவிட்டால், காலையில் சமைப்பதற்காக மதிய ஷிப்டுக்கு மாறவேண்டும், ராத்திரி பத்துக்கு வந்து தூங்கும் முகத்தைப் பார்க்கவேண்டும். எட்டு வயதுப் பிள்ளை வாயைத் திறந்து கதை சொல்வதே அந்த மூன்றரை மணிக்குத்தானே!

தடை வேண்டும் என்று கொடி பிடித்தது மருந்துக்கடை அக்கா. பெற்றோர் சங்கத் தலைவி. கடைவீதியில் இருக்கிற பெரிய மருந்துக்கடை அவளுடையதுதான், காலை ஏழுக்குத் திறந்தால் இருட்டும்வரை அங்கேதான். அவள் மகள் ரெட்டைஜடையும் இவள் மகளும் ஒரே பெஞ்சு, ஒட்டிப் பிறந்த மாதிரி. போன கூட்டத்தில் அந்த அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "பிள்ளைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்க முடியாதவங்க எதுக்குப் பெத்துக்கணும்?" மூடி அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் துணி துவைக்கிற சாக்கில் அழுது தீர்த்தாள்.

இன்றைக்கு அக்கா புது ஏற்பாடு ஒன்று வைத்திருந்தாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் காலையில் சமைத்த ஒரு டப்பா கொண்டுவர வேண்டும். நீளமான மேஜையில் எல்லாவற்றையும் திறந்து வைத்து, எல்லாரும் ருசி பார்த்துவிட்டு, கையைத் தூக்குவது. வீட்டுச் சாப்பாடு எவ்வளவு சுலபம் என்று எல்லாருக்கும் புரிந்துவிடுமாம்!

சனிக்கிழமை லீவு ஆயிற்றே, மூடியும் சமைத்தாள். உற்சாகமாகத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். பழக்கம் விட்டுப்போன கை, தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டது. சாதம் களியானது. அடியிலோ கருகல். ஒரே பாத்திரத்தில் குழைவும் கருகலும் வருவதற்கும் ஒரு திறமை வேண்டும்தான். வேறு வழியில்லாமல் அதையே டப்பாவில் அமுக்கி எடுத்து வந்திருந்தாள்.

மண்டபத்தில் ஏக சத்தம். பல் டாக்டர், "இந்தப் பாக்கெட்ல உப்பு எவ்வளவு தெரியுமா? சர்க்கரை எவ்வளவு தெரியுமா?" என்று மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "டாக்டர், எம்பையன் அதை மட்டும்தான் மிச்சம் வைக்காம சாப்பிடறான், நான் என்ன பண்ணட்டும்?" என்றார் பஸ் ஓட்டுகிற அப்பா ஒருவர். தையல்காரம்மாவுக்குத் தட்டுதான் பிரச்சினை. வாரத்துக்கு அஞ்சு பிளாஸ்டிக் தட்டு, வருஷத்துக்கு எவ்வளவு ஆச்சு, எங்கே போய்க் கொட்டுவது என்று விரலை மடக்கி மடக்கிக் கேட்டாள். எல்லாமே நியாயமாகத்தான் பட்டது மூடிக்கு. அதுதான் வயிற்றெரிச்சல்.

ருசி பார்க்க ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் இவள் டப்பாவில் ஒரு ஸ்பூன் எடுத்து, முகத்தைச் சுளித்து, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், "பாருங்க, இது பாக்கெட் சாப்பாடு. வாயில வச்சதும் தெரியுது."

அட கடவுளே! அவள் கையால் கிண்டின சாதம் ஐயா அது! மூடிக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது.

அடுத்தது அக்காவின் டப்பா. பளபளவென்று எவர்சில்வர். திறந்ததும் ஆவி பறந்தது. ஆளாளுக்கு ஸ்பூனை நீட்டினார்கள். "ஆஹா!" என்றார் டாக்டர். "வீட்டுச் சாப்பாடுன்னா வீட்டுச் சாப்பாடுதான்!" தையல்காரம்மா இரண்டாவது தடவை எடுத்தாள். "அக்கா, எனக்கும் சொல்லிக்கொடுங்க, உதிரி உதிரியா எப்படி வருது?" அக்கா தலையைச் சாய்த்து, "என்ன பெரிய வித்தை, பத்து நிமிஷம்தான்," என்றாள்.

மூடியும் ஒரு ஸ்பூன் எடுத்தாள். வாய்வரைக்கும் கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கேரட் வில்லையின் மேல் ஒரு கோடு. மெல்லிசாக, நூல் ஒட்டினாற்போல், மேலெழும்பி நிற்கிற கோடு. அடுத்த வில்லையிலும் கோடு. அதற்கு அடுத்ததிலும், அதே இடத்தில்!

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியாதா? தொழிற்சாலையில் கேரட் நறுக்கும் மெஷின் கத்தியில் ஒரு பல் உடைந்துபோய், உடைந்த இடத்தில் மட்டும் சரியாக வெட்டாமல் ஒவ்வொரு வில்லையிலும் கோடு விழுந்துகொண்டிருந்தது. ஒன்பது நாள். ஒன்பது நாளும் சூப்பர்வைசரிடம் போய்க் கத்தினாள். "ஏன் மூடி, கோட்டைத் தின்னா வயிறு வலிக்குமா?" என்று அந்த மனுஷன் சிரித்தார். முந்தாநாள் வியாழக்கிழமைதான் கத்தியை மாற்றினார்கள். அப்படியென்றால் இது செவ்வாயோ புதனோ அவள் கண்ணுக்கு முன்னால் ஓடின தட்டு. அவள் பார்த்து, அவள் சரி சொல்லி, அவள் மூடி போட்டது! அக்கா பாக்கெட்டை உரித்து, சூடு பண்ணி, எவர்சில்வருக்கு மாற்றியிருக்கிறாள். அவ்வளவுதான் அந்தப் பத்து நிமிஷச் சமையல்.

அவளுக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். என்ன பேச்சு பேசினாய் என்னை! வா, இன்றைக்கு வசமாக மாட்டினாய்!

"நான் ஒண்ணு சொல்லணும்!" என்று மைக்கை வாங்கியேவிட்டாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்பூனை உயர்த்திப் பிடித்தாள். அப்போதுதான் ஜன்னல் பக்கம் கண் போனது. வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கம்பியில் தொங்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ரெட்டைஜடை. அந்தப் பிள்ளைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இவள் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கையை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள், யாரென்று ஜன்னல் சட்டம் மறைத்தது. இவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதன் அம்மாவை நாற்பது பேர் நடுவில் கிழித்துத் தொங்கவிட ஒரே வாக்கியம் போதும் என்பதும் தெரிந்திருக்கிறது.

நாக்கு நுனிவரை வந்ததை மூடி கடித்து விழுங்கினாள். விழுங்குவது லேசாக இல்லை.

"சாப்பாடு பிரமாதம், அக்கா," என்றாள். "ஒரே ஒரு விஷயம். உங்க வீட்டுல கேரட் நறுக்குற கத்தியில ஒரு பல்லு உடைஞ்சிருக்கு போல. பாருங்க, எல்லாத்துலயும் ஒரே கோடு. எங்க லைன்லயும் அதே தொல்லைதான் ஒன்பது நாளா. வியாழக்கிழமை மாத்திட்டாங்க. நீங்களும் மாத்திடுங்க."

"அடேங்கப்பா, என்ன கண்ணு உங்களுக்கு!" என்றார் பஸ்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தாள்.

மூடி மைக்கைக் கொடுக்கவில்லை. வந்தது வரட்டும் என்று ஆகிவிட்டது அவளுக்கு. "இன்னொண்ணும் சொல்லிடறேன். டாக்டர் சொன்ன உப்பு நிஜம்தான். அந்தச் சின்ன சாஸ் பொட்டலம் இருக்குல்ல, எம்மகளுக்கு நானே கொடுக்க மாட்டேன், பிச்சு எடுத்துடுவேன். ஆனா அந்தத் தட்டு எங்கேயோ தானா முளைக்கறது இல்ல. ஒவ்வொண்ணையும் நான் பாக்கறேன். என் பிள்ளையும் அதைத்தான் திங்குது, வேற எப்படிப் பாப்பேன்? அது இருக்கறதாலதான் மூணரை மணிக்கு நான் வாசல்ல நிக்கறேன். அதையும் யோசிச்சுட்டுக் கையைத் தூக்குங்க."

உட்கார்ந்தாள். இனி எல்லாம் அக்கா கையில்.

அக்கா எழுந்தாள். எழுதி வைத்திருந்த தாளைக் கையில் எடுத்தாள், படிக்கவில்லை. "தீர்மானத்துல ஒரு சின்ன மாத்தம். தடைங்கிற வார்த்தையே வேண்டாம். யார் என்ன கொடுத்து அனுப்பினாலும் நாம கேக்க வேண்டாம். அந்த சாஸைக் கம்மி பண்ணச் சொல்லி கம்பெனிக்கு ஒரு கடுதாசி போடுவோம். சரின்னா கையைத் தூக்குங்க."

"என்னம்மா, திடீர்னு இப்படி?" என்று டாக்டர் எழுந்தார்.

"எல்லாருக்கும் பத்து நிமிஷம் இருக்காது டாக்டர்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முதல் கையாகத் தன் கையைத் தூக்கினாள். பஸ்காரர் இரண்டு கையையும் தூக்கினார். தையல்காரம்மா யோசித்து யோசித்துத் தூக்கினாள். பார்த்தால் மண்டபமெல்லாம் கை. டாக்டர்கூட அரைக் கை தூக்கினார். மூடிக்கு எண்ணவே வரவில்லை, கண் முட்டிக்கொண்டு நின்றது.

டப்பா கழுவும் தொட்டியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அக்கா எவர்சில்வர் டப்பாவை, அழுக்கே இல்லாத இடத்தையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றாள், தலையைத் தூக்காமல். "எனக்கு நானே சொல்லிக்கிட்டதும்மா அது."

மூடி சோப்பை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். "அக்கா, ரெண்டு நிமிஷத்துக்கு மேல சூடு பண்ணாதீங்க. முட்டை ரப்பராயிடும்," என்றாள். அக்காவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது, இவளுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார்கள்.

மூடி வாசலுக்கு வந்ததும் மகள் புயல் மாதிரி ஓடி வந்தாள். கூட்டம் என்ன ஆச்சு, தடை வந்ததா என்று கேட்பாள் என நினைத்து, நல்ல சேதியைச் சொல்ல இவள் வாயைத் திறந்தாள். மகள் அதைக் கேட்கவே இல்லை. மூச்சு வாங்க, இவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதருகே கிசுகிசுத்தாள்.

"அம்மா, நீ சொல்லலல்ல?"

"எதை?"

"அவ டப்பாலயும் நம்ம சாப்பாடுதான்னு. எங்களுக்கு ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே தெரியும்மா. அவங்க அம்மா பாவம்னு நாங்க யார்கிட்டயும் சொல்லல. ஜன்னல்ல அவ கையை நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். நீ சொல்ல மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். ஆனா நீ பேசறதுக்குள்ள அவ பயந்து ஓடிட்டா, நானும் பின்னாலயே ஓடிட்டேன். சொல்லலல்ல?"

மூடி மகளின் முகத்தையே பார்த்தாள். ஸ்பூனை உயர்த்திக்கொண்டு நின்ற அந்த ஒரு நொடியை நினைத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"இல்லடி தங்கம். சொல்லல."

மகள் அவள் முந்தானையை விட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினாள். மைதானத்தின் அந்தக் கோடியில் தனியாக நின்றிருந்த ரெட்டைஜடையைப் பார்த்து, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சொல்லலயாம்! எங்கம்மா சொல்லலயாம்!"