கப உடம்புக்காரி

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தபீதாள் தட்டை எறிந்தாள். அது அவள் கணவன் ஜீவரத்தினத்தின் காதோரம் பறந்து, சுவரில் மோதி, 1991-ஆம் வருட பைபிள் வசனக் காலண்டரில் கொள்ளுக் கஞ்சி வழிய, தரையில் சுழன்று அடங்கியது.

இத்தனைக்கும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பொடி சாப்பிட்டியா?"

ஜீவரத்தினம் கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நீ கப உடம்புக்காரி. உனக்குக் கோபமே வரக்கூடாது. வருதுன்னா இது உடம்பு இல்ல தபீதா, மூளை. திங்கட்கிழமை லீவு போட்டிருக்கேன். கீழ்ப்பாக்கம் போயிட்டு வந்துடலாம்."

கீழ்ப்பாக்கம் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று செம்பாக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் தெரியும். அங்கே டிரங்க் கால் போர்டில் அவள் பதிமூன்று வருடமாக ஆபரேட்டர். இந்த மாதம் இரண்டு பேரிடம் எரிந்து விழுந்து, சூபர்வைசரிடம் பாட்டு வாங்கியாயிற்று. கீழ்ப்பாக்கத்துச் சீட்டும் போனால் அவள் காதில் மறுபடி ஹெட்செட் ஏறாது.

கல்யாணமான இருபதாம் நாள், இரும்புலியூர் வைத்தியர் ஸ்ரீநிவாசராகவன் இருவருக்கும் உடம்பு வாகு பார்த்து எழுதிக் கொடுத்தார். ஜீவரத்தினத்துக்கு வாதம். அவளுக்குக் கபம். அன்றிலிருந்து பதினொரு வருடம், இரண்டு வேளையும் சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடி. நெய் கிடையாது. தயிர் கிடையாது. நைட் டியூட்டி முடிந்து வந்தாலும் பகலில் படுக்கக்கூடாது. கண் சொருகினால் தோளைப் பிடித்து உலுக்குவான். அக்கறையாகத்தான் உலுக்குவான்.

வயிறு எரிந்தது. ராத்திரியில் மூன்று மணி நேரத் தூக்கமே அதிகம். கப உடம்புக்கு ஏன் இப்படி? அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் வெறும் வயிற்றோடு, யாரிடமும் சொல்லாமல் இரும்புலியூருக்குப் பஸ் ஏறினாள்.

வைத்தியர் அவள் இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். புருவம் ஏறியது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"நடு விரலுக்குக் கீழே தவளை மாதிரி குதிக்கறதே! பசி தாங்குவேளாம்மா?"

தபீதாள் பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். காலி.

"உங்களைத்தாம்மா கேக்கறேன்."

"தாங்க மாட்டேன் சார். அரை மணி தாண்டினா தலை வெடிக்கும்."

"தூக்கம்?"

"எலி ஓடினா முழிப்பு வந்துடும். சின்ன வயசுலேர்ந்தே."

"கோபம்?"

"வரும் சார். எப்பவுமே வரும். முழுங்கிடுவேன். நேத்துதான் தட்டை எறிஞ்சுட்டேன்."

அவர் பழைய நோட்டைத் தேடி எடுத்துப் படித்தார். "பசி தாங்குவார். அயர்ந்த தூக்கம். கோபம் கிடையாது. யார் சொன்னா இதையெல்லாம்?"

தபீதாளுக்கு நினைவு வந்துவிட்டது. அன்று அவர் அவளைத்தான் கேட்டார். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பதில் சொன்னது ஜீவரத்தினம். புது மருமகளான அவள், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்ததைப் பார்த்தவன், பசி தாங்குவாள் என்றான். வேலை செய்து களைத்துச் சுருண்டதைப் பார்த்தவன், அயர்ந்து தூங்குவாள் என்றான். பொய் சொல்லவில்லை, பாவம். பார்த்ததைச் சொன்னான்.

"அன்னிக்கு நாடி பார்க்கலியா சார்?"

"டிபன் சாப்பிட்டுட்டு வந்திருந்தேள். சாப்பிட்ட வயித்துல நாடி சரியாப் பேசாது. உங்க ஆத்துக்காரர் பேசினார், எழுதிட்டேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு எம்பேர்லயும் இருக்கும்மா."

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா?"

"நடு விரல்ல குதிக்கறது பித்தம். பித்த உடம்பு உங்களுக்கு. நெருப்பு. அதுல மிளகையும் திப்பிலியையும் கொட்டி, தூக்கத்தையும் பிடுங்கிண்டா மனசு மட்டும் குளுகுளுன்னு இருக்குமா? தட்டோட நிறுத்தினேளே, அம்மிக்குழவியைத் தூக்கலையே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. பதினொரு வருடம். யாரையாவது திட்டலாம் என்றால் அதற்கும் தெம்பில்லை. பித்த உடம்பு, நெய், நல்ல தூக்கம் என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டு வாசலில் கீரைக்கார எல்லம்மா கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி வாடிக்கீது? ஒடம்புக்கு இன்னா?"

கதவருகே நின்ற ஜீவரத்தினம் முந்திக்கொண்டான். "உடம்புக்கு ஒண்ணுமில்ல எல்லம்மா. அவளுக்கு மனசுதான் கொஞ்சம்..."

"அவ என்னைக் கேட்டா."

தபீதாள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் வாய் நின்றுவிட்டது.

"வயிறு எரியுது எல்லம்மா. தூக்கம் இல்ல. பசிச்சா கோபம் வருது. பதினொரு வருஷமா."

"அட, அத்த சொல்றதுக்கு இன்னாக்கா? வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்தே?"

இந்த முறை தபீதாளுக்குச் சிரிப்பு வந்தது. சீட்டைக் கணவனிடம் நீட்டினாள். அவன் ஒரு தரம் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். முகம் வெளுத்தது.

"கப உடம்புன்னு நான்தானே... அப்ப திங்கட்கிழமை?"

"லீவு போட்டது போட்டதுதான். வீட்டுல இருந்து சமைங்க. இப்ப நெய் வாங்கிட்டு வாங்க. நான் தூங்கப் போறேன்."

"பகல்லயா?" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

பத்து மணி வெயில் கட்டிலில் விழுந்தது. கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம் கட்டிலருகே வந்து நின்றது. அவள் தோள் தானாக இறுகியது, உலுக்கலுக்குத் தயாராக.

கை வரவில்லை. ஜன்னல் கதவை மெல்லச் சாத்தும் சத்தம்தான் வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை.