சிவப்பைப் பொறுக்கி எறிந்தவர்

கூரை ஒழுகியது நல்லதாகப் போயிற்று என்று எந்த மனிதனாவது சொல்வானா? ஏசுவடியான் அன்று காலை அப்படித்தான் நினைத்தார். பிறகு ஆயுள் முழுக்க, அது ஒரு நாள் முன்னால் ஒழுகியிருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

யுத்த காலம். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த உலைச் செங்கல் நின்றுபோயிருந்தது. ராஜபாளையத்து உருக்குப் பட்டறைக்குச் சேலத்திலிருந்து உலைச் சூடு தாங்கும் வெள்ளைக்கல்லைச் சுட்டுப் பொடித்து மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். அதைக் கெட்டித்து உலைக்கு அடித்தளம் போடுவது கொத்தனார் ஏசுவடியானின் வேலை. பொடியில் சிவப்புக் குருணை நிறையக் கலந்திருந்தது. இரும்புக் கறை, அழுக்கு என்று அவரே முடிவுகட்டினார். மம்சாபுரத்து வீட்டுக்கு மூட்டைகளைக் கொண்டுவந்து, மனைவி இன்பத்தோடு உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கினார். சிவப்பெல்லாம் வாசலுக்குப் போனது, வெள்ளையெல்லாம் உலைக்குப் போனது. வெள்ளை என்றால் சுத்தம் என்று நம் ஜனங்களுக்கு யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ.

போட்ட தளம் ஐப்பசி மழையின் ஈரக் காற்றில் வாரக்கணக்கில் கிடந்தது. கூரை ஒழுகிய அன்றுதான் அதில் முதன்முதலாக இரும்பு உருக்கப்போகிறார்கள்.

வீட்டு மூலையில் மிச்ச மூட்டை ஒன்று இருந்தது. கூரை ஒழுகி அதை நனைத்திருந்தது. நகர்த்தலாம் என்று தொட்டார். சுட்டது. சாக்கு புடைத்துப் பிளந்து, உள்ளே குருணையெல்லாம் மாவாக உதிர்ந்து கிடந்தது. தண்ணீர் பட்டால் கொதிக்கிற சுண்ணாம்பை ஆயுளெல்லாம் குழைத்த கை அது. வெள்ளைக்குள் சுண்ணாம்பு ஒளிந்திருந்தது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வாசலுக்கு ஓடினார். அத்தனை மழையிலும் சிவப்புக் குருணை போட்டது போட்டபடி கல்லாகக் கிடந்தது. அழுக்கு என்று எறிந்த இரும்புதான் ஈரத்தைத் தாங்கியிருக்கிறது. உலையில் போட்ட தளமும் இந்நேரம் உள்ளே மாவாகத்தான் இருக்கும். மகன் நேசையன் அந்த உலை முன்னால்தான் நிற்பான்.

"ஏட்டி இன்பம், நம்ம புள்ளைய நாமளே கொன்னுட்டமே" என்றபடி சைக்கிளை எடுத்தார். சகதியில் விழுந்தார், எழுந்து மிதித்தார். ஆண்டவரே என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வரவில்லை.

பட்டறையில் இரும்பு உருகிக் கொதித்துக்கொண்டிருந்தது. உலை முன்னால் நேசையன் இல்லை, அவனோடு வேலை பார்க்கும் இருளப்பசாமி நின்றான்.

"விலகிருடே. தளம் தாங்காது. நான் கெடுத்துட்டேன்" என்று கதறினார் ஏசுவடியான்.

இருளப்பசாமி சிரித்தான். "உம்ம கை போட்ட தளம், அது போயி உடையுமா கொத்தனாரே? காய்ச்சல் கீய்ச்சல் அடிக்கா? செத்த நேரம் உக்காரும்."

இத்தனை வருஷம் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பேர் குறுக்கே வந்து நின்றது. அவனை இழுத்துவிடப் பாய்ந்தார், எட்டவில்லை. தளம் வெடித்து, உருகிய இரும்பு அடிவழியே அவன் காலடிக்குப் பாய்ந்தது. இருளப்பசாமி போட்ட சத்தம் வெகு தூரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பின்கட்டிலிருந்து நேசையன் முறமும் கையுமாக ஓடிவந்தான். உயிரோடு நின்ற மகனைப் பார்த்து ஏசுவடியானுக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷத்துக்கே வெட்கினார்.

"செத்த நேரம் எனக்காக நில்லுன்னு அவங்கிட்ட நாந்தான் சொல்லிட்டுப் போனேம்ப்பா" என்று அழுதான் நேசையன். "அடுத்த தளத்துக்குப் பொறுக்கப் போனேன். நீங்க சொன்ன மாதிரியே, ஒரு சிவப்புகூட இல்ல."