இடத்தை நிரப்ப எழுதியது

தையல்கடை அக்காவிடமிருந்து போன் வருவது நின்ற பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

வலைத்தளம் வடிவமைத்துத் தருவது அவன் தொழில். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். காலையில் அவன் மடிக்கணினியைத் திறப்பதற்குள் அக்கா கூப்பிட்டுவிடுவார். "தம்பி, அந்த நீலம் கண்ணை உறுத்துது." மாற்றிக் கொடுத்தால், "பச்சை நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுப்பார். மனைவி சிரிப்பாள்: "எங்கம்மா ஒருத்தங்க போதாதுன்னு இன்னொரு மாமியாரைப் பிடிச்சிட்டீங்களா?"

வாடிக்கையாளர் தம் கடையைப் பற்றி எழுதித் தரும்வரை, அந்த இடத்தை எதையாவது தட்டி நிரப்பி வைப்பது அவன் வழக்கம். 'எங்களைப் பற்றி' என்ற தலைப்பின் கீழே, ஒருநாள் எரிச்சலில் தட்டினான்: 'இந்த அக்காவுக்கு நீலம் பிடிக்காது. பச்சை பிடிக்காது. மனிதர்களையே பிடிக்காது. போன் மட்டும் ரொம்பப் பிடிக்கும்.' தானே சிரித்துக்கொண்டான். அழிக்க மறந்து, பார்க்கச் சொல்லி அக்காவுக்கு அனுப்பியும்விட்டான்.

போன் ஏன் வரவில்லை என்று யோசித்துப் பக்கத்தைத் திறந்தவன் கண்ணில் அந்த வரிகள் பட்டன. அவசரமாக அழித்தான். 'அக்கா, அது மென்பொருளோட தானா வர்ற எழுத்து. தப்பா நினைக்காதீங்க' என்று செய்தி அனுப்பினான். 'சரி தம்பி, பரவாயில்லை' என்று பதில் வந்தது.

"நம்பிட்டாங்க," என்றான் மனைவியிடம்.

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? நேர்ல போய்ட்டு வாங்க."

கடை வாசலில் கால் வைத்ததுமே, பொத்தான் தைத்துக்கொண்டிருந்த பெண் குரல் கொடுத்தாள். "அக்கா, உங்களுக்கு மனுஷங்களையே பிடிக்காதாமே, ஒரு மனுஷன் வந்திருக்காரு!"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடி. அது கம்ப்யூட்டர்ல தானா வர்றதுன்னு சொன்னேன்ல?"

"கம்ப்யூட்டருக்கு எப்படிக்கா நீலம், பச்சையெல்லாம் தெரிஞ்சுது?"

"அது பெரிய கம்ப்யூட்டர்," என்றார் அக்கா. ஊசியில் நூல் கோப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

அவனுக்குக் காதுவரை சுட்டது. தன் பொய்யை இவர் சுமந்துகொண்டு, கடை முழுவதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, அதை நான்தான் எழுதினேன்."

பொத்தான் பெண்ணின் கை நின்றது.

"தெரியும் தம்பி," என்றார் அக்கா மெதுவாக. "நாலு பேர் முன்னாடி உங்களுக்கு அசிங்கமாயிடக் கூடாதேன்னு பார்த்தேன்." ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினார். "எழுதினதுல பொய் ஒண்ணும் பெருசா இல்ல. இந்தக் கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் யார்கிட்டயாவது கேட்டா சிரிப்பாங்களோன்னு கூச்சமா இருக்கும். உங்ககிட்ட மட்டும்தான் கூச்சமில்லாம கேட்டேன். அதான் அடிக்கடி கேட்டுட்டேன் போல."

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பான். "மன்னிச்சிடுங்கக்கா" என்றான். ஒருவர் நம்மிடம் கூச்சமில்லாமல் வந்து கேட்பது கடவுள் நம்மை நம்பிக் கொடுத்துவைக்கும் பொருள். அதை அவன் கேலியாக்கியிருந்தான்.

மறுநாள் காலையும் போன் அடிக்கவில்லை. மனைவி மேசையில் தம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அவன் தானே அக்காவை அழைத்தான்.

"அக்கா, மறுபடி நீலமே போட்டு, கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்பியிருக்கேன். பார்த்தீங்களா?"

"பார்த்தேன் தம்பி. நல்லா இருக்கு."

"நிஜமாவா?"

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடி நின்றது.

"இல்ல... சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கக்கா," என்று அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.