பிணவறையில் என் தம்பி

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் சினிமாவில் நடித்ததில்லை. முதன்முதலாக நடித்தவனும் பிணமாக நடித்தான். அவன் என் தம்பி.

செய்தி என் காதுக்கு வந்த விதமே சரியில்லை. சம்பந்தி வீட்டில், நாலு பேர் முன்னால், மாப்பிள்ளையின் சித்தப்பா, "உங்க தம்பி ஏதோ படத்துல செத்துக் கிடக்கிறாராமே?" என்று கேட்டார். குடித்துக்கொண்டிருந்த தேநீர் எனக்கு மூக்கில் ஏறியது. நான் பத்திரப் பதிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். 'இவர் இன்னார்தான்' என்று சொல்ல ஆள் இல்லாத ஒருவரிடமும் நான் கையெழுத்து வாங்கியதில்லை. அப்படிப்பட்டவனின் தம்பி பெயரில்லாத பிணமாகக் கிடந்திருக்கிறான்.

அன்றைக்கே அவனை வரச் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டிவிட்டான், இன்னும் என் முன்னால் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவான்.

"எப்படிடா இது?"

"லிஃப்ட் குழிக்குள்ள மல்லாந்து படுத்து வேலை பார்த்துட்டு இருந்தேண்ணே. அந்தக் கட்டடத்துல ஆபீஸ் வெச்சிருக்கிற டைரக்டரம்மா எட்டிப் பார்த்து, செத்துட்டேன்னு நினைச்சு ஆள் கூப்பிட்டுட்டாங்க. நான் எழுந்து, அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடுங்கன்னேன். அப்பவே பிடிச்சுப்போச்சு அவங்களுக்கு."

"எது, நீ எழுந்ததா?"

"அதுக்கு முன்னாடி கிடந்ததுண்ணே."

அடுத்த படத்துக்கும் கூப்பிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க ஒரு தடவை வந்து பாருங்கண்ணே. பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா, அதோட விட்டுடுறேன். மறுபடி வாயே திறக்க மாட்டேன்."

அவன் தனக்காக என்னிடம் எதையும் கேட்டு எத்தனையோ காலமாகிறது. என் பதில் எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் ஆவணத்தைப் பார்க்காமல் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்வது என் வழக்கமில்லை. போனேன்.

நூலகக் கட்டடத்தின் மாடியில் சின்ன அரங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை. தோளில் துணிப்பை, முகத்தில் மூக்குக்கண்ணாடி, யோசிப்பதற்கென்றே பிறந்தவர்கள் போல ஒரு கூட்டம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நான் முதுகு சாயாமல் உட்கார்ந்தேன்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு வெள்ளைத் துணி. ஒரு கை வந்து அதை விலக்கியது. அலமாரி அளவுக்கு என் தம்பியின் முகம். எங்கள் அப்பாவின் மூக்கு அப்படியே. அப்பாவிடம்கூட அந்த மூக்கை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. பக்கத்தில் திரும்பினேன். அதே மூக்கு. செத்தவன் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

அடுத்து ஒரு ஈ வந்தது. நெற்றியில் உட்கார்ந்தது, மூக்கின் மேல் நடந்தது, நுனியில் நின்று கால்களைத் தேய்த்துக்கொண்டது. பிணம் அசையவில்லை. அரங்கில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. தம்பி என் காதருகே குனிந்தான்.

"அது தானா வந்த ஈண்ணே. சம்பளம் கிடையாது."

கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்தேன். அடைத்த சிரிப்பு தோள் வழியாக வெளியே வந்தது, நாற்காலி கிறீச்சிட்டது. முன்வரிசையில் இருந்த அம்மாள் திரும்பினார்.

"இது சிரிக்கிற படம் இல்லைங்க."

"அவருக்குத் தெரியுங்க," என்றான் தம்பி. "அங்கே கிடக்கிறது நான்தான், அதான்."

அந்த அம்மாள் அவனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். திரும்பி உட்கார்ந்தவரின் தோளும் குலுங்க ஆரம்பித்தது.

சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. படத்தில் ஒவ்வொருவராக வந்து அந்த முகத்தைப் பார்த்தார்கள். ஒரு மனைவி, ஒரு அக்கா, ஒரு பள்ளி நண்பன். எல்லோரும் யாரையோ தேடி வந்தவர்கள். "இவர் இல்லை" என்று சொல்லிவிட்டு, தாங்கள் தேடுகிறவரைப் பற்றிப் பிணவறைக் காவலாளியிடம் கொஞ்சம் பேசிவிட்டுப் போனார்கள். வயதான ஒருவர் வெகுநேரம் பார்த்தார். "என் மகன் இல்லை" என்றார். அப்போது அவர் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் ஒன்றாக வந்தன. மகன் சாகவில்லை என்று மகிழ்வதா, இன்னும் தேட வேண்டுமே என்று சோர்வதா? அப்படி ஒரு நிலை மனிதனுக்கு வரும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

கடைசியில் எவரும் வரவில்லை. காவலாளியும் ஒரு போலீஸ்காரரும் மட்டும் நின்றார்கள்.

"யாரோ நாதியத்தவன்," என்றார் போலீஸ்காரர். "காலையில எடுத்துடலாம்."

நான் எழுந்துவிட்டேன்.

"யாரைச் சொல்றீங்க நாதியத்தவன்னு? கூடப் பிறந்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன்."

என் தலையின் நிழல் திரையில் தம்பியின் மார்பில் போய் விழுந்தது. தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, உக்காருங்க. நான் செத்துட்டேன்ல."

முதலில் சிரித்தது முன்வரிசை அம்மாள்தான். அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. துணிப்பைகள் சரிந்தன, கண்ணாடிகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள். உட்கார்ந்த எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். திரையில் என் தம்பி மட்டும்தான் அசையாமல் கிடந்தான்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் டைரக்டர் முன்னால் வந்து நின்றார். குட்டை முடி வைத்த இளம்பெண். தாடிக்காரர் ஒருவர் முதல் கேள்வி கேட்டார்.

"நடுவுல ஒரு பெரியவர் எழுந்து சண்டை போட்டாரே, அது நீங்க செஞ்ச ஏற்பாடா?"

"இல்லைங்க. அவருக்காக யாரும் வரக் கூடாதுங்கிறதுதான் என் படமே. இன்னைக்கு ஒருத்தர் வந்துட்டார்." என் பக்கம் பார்த்தார். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. "அடுத்த படத்துலயும் இவர் நடிக்கணும்னு கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை."

"எங்கண்ணன் சொல்லணுங்க," என்றான் தம்பி.

மொத்தக் கூட்டமும் திரும்பியது. யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"அடுத்த படத்துல இவனுக்கு என்ன வேலை?"

டைரக்டர் தயங்கினார். "அதுலயும் இறந்தவர்தான், சார்."

தம்பி தலையைத் தொங்கப் போட்டான். சுற்றிலும் கிளம்பிய சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

"குடும்பம் உண்டா?"

"உண்டு சார். மனைவி, ரெண்டு பிள்ளைங்க. வீட்டுக்கூடத்துலதான் கிடத்தியிருப்பாங்க."

"அண்ணன்?"

"அண்ணன் எழுதலை."

"எழுதுங்க."

அவர் பையில் பேனாவைத் தேடினார். "அவர் என்ன செய்வார் சார்?"

"வாசல்ல நிப்பார். வர்றவங்க யாரு எவருன்னு பார்த்து உட்கார வைப்பார். செத்தவனைப் பத்தி எவனாவது ஒரு வார்த்தை குறைச்சுப் பேசினா, செருப்பைக் காட்டி வெளியே அனுப்புவார்."

"அழ மாட்டாரா?"

"எல்லாரும் போன பிறகு."

அவர் எழுதிக்கொண்டார். நிஜமாகவே எழுதிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். என் மனு எது, அவன் மனு எது என்று எனக்கே குழம்பிவிட்டது. தம்பி மெதுவாக என் பக்கம் சாய்ந்து, ரகசியக் குரலில் கேட்டான்.

"அண்ணே, அப்போ நான் சாகலாமா?"

"தாராளமா சாவுடா, ராசா," என்றேன்.

மைக்கை நான் இன்னும் கீழே வைக்கவில்லை என்பது அரங்கு முழுவதும் கைதட்டியபோதுதான் தெரிந்தது.