பெர்னிஸுக்கு ஞாபகம் இருந்தது

ஞாயிறு பூசை முடிந்து மகள் பெர்னிஸும் பேத்தி ஏமியும் பெர்னடெட்டின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஏமி தோசையைத் தொடவே இல்லை.

“சின்னப் பிள்ளையில நான் சாப்பிடலன்னா பாட்டி ரோத்தான் பிரம்பால அடிப்பாங்க, தெரியுமா?” என்று பெர்னிஸ் மகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

பெர்னடெட்டுக்குச் சுருக்கென்றது. சுங்கை வே தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, சமைத்து, தலைபின்னி, பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தவள் அவள்.

“வேற ஒன்னுமே ஞாபகம் இல்லையா உனக்கு?”

பெர்னிஸ் யோசித்தாள். “அப்பா வாங்கித் தந்த ஐஸ்கிரீம் இருக்கே.”

லோரி ஓட்டப் போய், மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் தங்கிய மனுஷன்.

“அவருக்கு என்னலா, வந்தாரு, வாங்கிக் கொடுத்தாரு, போனாரு.”

“சும்மா சொன்னேன்மா, கோவிச்சுக்காதீங்க.”

அதற்குள் ஏமி ஐஸ்கிரீம் கேட்டு அழ ஆரம்பித்தாள். பெர்னடெட் ஆறிப்போன தோசையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.